மீன்கல் சேர்த்த அக்கா

"தலை ஆருக்கு?"

கரையில் ஒரு வள்ளம் வந்து முட்டினால் அக்காவின் வாயில் முதலில் வருகிற கேள்வி அதுதான். என்ன பட்டது, என்ன விலை போகுது என்று மற்றப் பெண்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அக்கா மீன் குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து இதைக் கேட்பார். ஆருக்கும் வேண்டாத தலையெல்லாம் அவருக்கு. ஆருக்காவது வேண்டிய தலையையும் இலேசில் விடமாட்டார்.

"குழம்பு வையுங்கோ, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. வெட்டேக்கை என்னைக் கூப்பிட்டால் காணும்."

அப்படிச் சொல்லிக்கொண்டே அந்தத் தலைக்குப் பின்னால் அந்த வீட்டுக் குசினிவரை போய்விடுவார். ஒருமுறை மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய ஒரு பிள்ளைக்கு விருந்து நடந்தது. பந்தலில் எல்லோரும் இருந்து சாப்பிட, அழைக்கப்பட்டு வந்த அக்கா, நல்ல சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு பின்வளவில் மீன்தலைகளோடு குந்தியிருந்ததை நானே கண்டேன்.

அவர் தேடியது தலைக்குள் இருக்கிற கல்லை.

மீனின் தலைக்குள் கல் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. நான் முரசுமோட்டைக்காரி. வயலும் வாய்க்காலும் மாடும்தான் எங்களுடைய உலகம். என் மனிதரின் தாய், நான் மாமி என்று கூப்பிடுகிறவர், சுத்த சைவம். எப்போதாவது கருவாடு தின்ன ஆசை வந்தால் நானும் இவரும் வளவின் மூலையில் அடுப்பு மூட்டித்தான் பொரிப்போம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டின் பிற்பகுதியில் எங்கள் பக்கம் செல் குண்டு விழத் தொடங்கியது. நெல்லு மூட்டை இரண்டு, சட்டி பானை, கைக்குழந்தையாக இருந்த என் மகள், மாமி, எல்லாவற்றையும் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே வெளிக்கிட்டோம். மரத்துக்குக் கீழே கொஞ்ச நாள், பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் என்று இருந்து, கடைசியில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் கிடந்த ஒரு மணல் துண்டுக்கு வந்து சேர்ந்தோம். அதற்கு அங்கால் போக நிலம் இல்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வளவு வாசலில் மெசினை நிற்பாட்டினோம். உள்ளேயிருந்து வந்த பெண்ணுக்கு என்னிலும் இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நாங்கள் ஆர், எந்த ஊர், என்ன சாதி, ஒன்றும் கேட்கவில்லை.

"எத்தினை பேர்?"

"நாலு பேர்."

"அந்தக் கொட்டிலிலை வலை கிடக்கு. ஒதுக்கித் தாறன், இருங்கோ."

அன்று பின்னேரம் ஒரு சட்டி வந்தது. தேங்காய்ப்பால் விட்ட மீன்தலைச் சொதி. மாமி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமிக்கு அது மீன் என்பது மட்டும் தடையில்லை என்று எனக்குத் தெரியும். கடற்கரைச் சனத்தின் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்துப் பழகாத மனுசி. ஆனால் அந்தச் சொதியைச் சோற்றில் விட்டுக் குழைத்து நான் ஊட்ட, என் மகள் உறிஞ்சியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை ருசியாக ஏதாவது தின்று எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

சட்டியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "பெரிய புண்ணியம் அக்கா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"புண்ணியமோ? விசர்க் கதை கதையாதையும். எனக்குக் கல்லு வேணும், தலையைப் பிளந்தனான். மிச்சத்தை என்ன, கடலிலையே எறியிறது?"

தன்னடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படியில்லை. அது முழு உண்மை என்று தெரிய எனக்கு மாதக்கணக்கு எடுத்தது. அந்த மணல் துண்டில் இடம்பெயர்ந்து வந்திருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அக்காவின் தலைச்சொதிதான் இரவுச் சாப்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அக்காவைப் புகழ்ந்தார். பசித்தவருக்காகத் தெருத்தெருவாய் மீன்தலை கேட்டுத் திரிகிற ஒரு தாயைப் பற்றிச் சொன்னார். பூசை முடிந்ததும் அக்கா நேரே பாதரிடம் போனார்.

"பாதர், கோயிலுக்குள்ளை பிழையான கதை சொல்லிப்போட்டியள். நான் கல்லுக்குத்தான் தலை கேக்கிறனான். சனம் தின்னுறது பேந்து வாற கதை."

பாதர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த கிழமை திருத்திச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். பாதர் திருத்தினாரோ என்னவோ, ஊர் திருத்தவில்லை. பாதிப் பேருக்கு அவர் புனிதவதி, மற்றப் பாதிப் பேருக்கு 'கல்லுக்காரி', மூளை கொஞ்சம் தட்டினவள். அக்கா இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் அந்தக் கற்களை முழுவதுமாகப் பார்த்தது அடுத்த தை மாதம். மாரிமழை விட்டு நல்ல வெயில் எறித்த ஒரு காலை. வருசத்தில் ஒருமுறை ஈரம் போகக் காயவைப்பாராம். கருநீலச் சேலை ஒன்றை முற்றத்து மணலில் விரித்து, நாலு முனையிலும் தேங்காய் வைத்து, போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து குந்தியிருந்து அடுக்கத் தொடங்கினார். ஒரு அலுவலாக வெளியே வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

சேலை முழுக்க வெள்ளை. ஒன்றைப் போல ஒன்று இல்லை. சிலது நெல்மணி மாதிரி, சிலது நகத்துண்டு மாதிரி, சிலது பூவிதழ் மாதிரி ஓரம் சுருண்டு. கெளிற்றுமீனின் கல் உருண்டு உளுந்து மாதிரி இருந்தது. கத்தாளைக் கல் புளியங்கொட்டை அளவு, உள்ளே வெளிச்சம் ஓடுகிற மாதிரி. ஒவ்வொன்றும் சோடி சோடியாக, இடமும் வலமும், கும்பிட்ட இரண்டு கையைப் பிரித்து வைத்தது போல. வெயில் ஏற ஏற அந்தச் சேலையைப் பார்க்கக் கண் கூசியது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வந்த அலுவல் மறந்துபோனது.

"இது அறக்குளா" என்று அக்கா ஒன்றைக் காட்டினார். அரிசிக் குருணை அளவுதான். "மீன் ஆள் உயரம், கல்லைப் பாரும். கத்தாளை ஒரு முழமும் இல்லை, அதின்ரை கல்லைப் பாரும். ஆண்டவர் என்ன கணக்கிலை குடுத்தாரோ."

"சுறாவுக்கு?"

"சுறாவுக்கு இல்லை. திருக்கைக்கும் இல்லை. தேடாத தேட்டமெல்லாம் தேடிப் பாத்திட்டன்."

"ஏன் அக்கா இதைச் சேர்க்கிறியள்?"

கேட்ட பிறகு, அந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"வடிவா இருக்குதெல்லே."

அவ்வளவுதான் பதில். சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஒரு பனடோல் குளிசைக்கு நாள் முழுக்க அலைகிற காலம். எல்லாப் பொருளையும் என்ன பிரயோசனம் என்று கேட்டே நாங்கள் பார்த்துப் பழகியிருந்தோம். வடிவாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தி இவ்வளவு பாடுபடுவாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. ஆனால் அன்று அந்த நீலச் சேலையின் முன்னால் நின்றபோது என் மனம் வயிற்றையும் செல்லையும் கொஞ்ச நேரம் மறந்திருந்தது.

அக்காவின் மனிதரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். கறுத்த, உயர்ந்த ஆள். கதை குறைவு, கோபம் கூட. பெண்சாதியின் கல்லைப் பற்றிக் கேட்டால் மட்டும் நீளமாகக் கதைப்பார்.

"ஊர் உலகத்திலை பெண்டுகள் பவுண் சேர்ப்பினம். இவள் மீன்ரை பல்லைச் சேர்க்கிறாள்."

"பல்லில்லை, கல்லு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

தொண்ணூறில் முல்லைத்தீவுப் பட்டினத்தை விட்டு ஓடிவந்த கதையையும் அவர்தான் சொன்னார். அக்கா இரண்டு கையிலும் பாரமான பைகளோடு வந்திருக்கிறார். நகைநட்டு என்று நினைத்த ஒரு கிழவர் இரக்கப்பட்டு ஒரு பையை வாங்கித் தன் சைக்கிளில் கட்டி, நெடுந்தூரம் உருட்டிக்கொண்டு வந்தாராம். கடைசியில் அவிழ்த்துப் பார்த்தால் போத்தல்களும் கல்லும். "அந்த மனுசன் ஏசேல்லை. என்னை ஒருக்காப் பாத்திட்டு, 'தம்பி, இந்தப் பிள்ளையைக் கவனமா வைச்சுப் பார்' எண்டிட்டுப் போனார்" என்று சொல்லி அண்ணை தலையில் கைவைப்பார்.

ஆனால் இந்த அண்ணைதான் ஆழக்கடலுக்குப் போய் வருகிற நாட்களில் சாறத்தின் முடிச்சில் எதையோ கட்டிக்கொண்டு வருவார். நாங்கள் பேர் அறியாத ஏதாவது மீனின் தலை. குசினிப் படியில் அதை எறிந்து, "நாய்க்குப் போடு" என்பார். பிறகு கால் கழுவப் போவார். கழுவுவார், கழுவுவார், கழுவிக்கொண்டே இருப்பார். அக்கா வில்லுக்கத்தியை விரித்து, தலையைப் பிளந்து, "இஞ்சேருங்கோ!" என்று பெயர் சொல்லாமல் அவரைக் கூப்பிடும்வரை அவர் கால் சுத்தமாகாது. கூப்பிட்டதும் வந்து அக்காவின் வலப்பக்கத்தில் குந்துவார். இரண்டு தலையும் ஒரு உள்ளங்கைக்கு மேலே குனிந்திருக்கும். பிள்ளை இல்லாத வீடு அது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பார்க்காமல் நான் வேறு வேலைக்குப் போய்விடுவேன்.

இன்னொரு சம்பவம் சொல்லவேணும். எங்களோடு இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு தச்சருக்குக் கல்லடைப்பு. சலம் போகாமல் மணலில் உருண்டு கத்துகிறார். மீன்கல்லை இடித்துக் கொடுத்தால் கல் கரையும் என்று ஆரோ ஒரு நாட்டு வைத்தியப் பரியாரி சொல்லிவிட்டார். தச்சரின் தாய் வந்து அக்காவின் காலில் விழுந்தாள்.

"கத்தாளைக் கல்லு ஒரு சோடி தா மோனை. என்ரை பிள்ளை செத்துப்போவான்."

அக்கா அசையவில்லை. "இது மருந்தில்லை, ஆச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

"கல்லைத் தா எண்டால் தா! உனக்கு உயிரிலும் இது பெரிசோ?"

சனம் கூடிவிட்டது. மோசமான வார்த்தைகள் விழுந்தன. எனக்கும் மனம் கேட்கவில்லை. ஒரு சோடிதானே, கொடுத்தால் என்ன? அக்கா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கத்தாளைக் கற்கள். அவரிடம் இருந்ததிலேயே பெரிய சோடி. எல்லோருக்கும் காட்டினார்.

"இந்தா. இடிச்சு நானே தாறன். ஆனா முதல் ஆஸ்பத்திரி. அங்கை காட்டிப்போட்டு வந்தும் நோ மாறாட்டில் இது உங்கடை. இப்ப வண்டிலிலை ஏத்துங்கோ."

அந்தக் கற்களுக்காகத்தான் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்காவும் வண்டிலோடு நடந்தே போனார். தலையைக் கண்டால் குசினிவரை போகிற அதே பிடிவாதத்தோடு. என்ன ஊசி போட்டார்களோ, இரண்டு நாளில் தச்சரின் கல் தானாகவே விழுந்துவிட்டது.

அடுத்த கிழமை தச்சர் நடந்து வந்தார். மிகுந்த மரியாதையோடு ஒரு கடதாசிச் சுருளை நீட்டினார்.

"தங்கச்சி, இது என்ரை. நீங்கள் சேர்க்கிறனீங்கள் எண்டபடியால்..."

அக்கா விரித்துப் பார்த்தார். மிளகு அளவில் கபில நிறமாக ஒரு கல். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"குறை நினையாதையுங்கோ அண்ணை. இதுக்குச் சோடி இல்லை. வடிவும் காணாது."

அன்று மாமி சிரித்த சிரிப்பை நான் கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து கேட்டதில்லை. மாமி அதற்குள் அக்காவின் கையால் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கியிருந்தார். எப்போது தொடங்கினார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. மீன் மட்டும் கடைசிவரை தொடவில்லை.

பிறகு அண்ணை போனார்.

ஒரு விடியற்காலை கடலில் நேவியின் வெடிச்சத்தம் கேட்டது. போன வள்ளங்கள் திரும்பின. அண்ணையின் வள்ளம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அந்த வள்ளத்தின் நீலம் பூசிய பலகை ஒன்று கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. உடல் இல்லாமல் பாதர் பூசை வைத்தார். கரைப் பெண்கள் மணலில் விழுந்து கதறினார்கள். அக்கா அழவில்லை. வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் வெளியே வரவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். கல் போத்தல் வைத்திருந்த தட்டை மூடி ஒரு துணி தொங்கியது.

திரும்பவும் தொழில் தொடங்கியபோது கரையில் தலை கேட்க ஆளில்லை. முதல் வந்த வள்ளக்காரர் ஒருவர் ஒரு பெரிய விளைமீன் தலையைக் கொண்டுவந்து அக்காவின் வேலியடியில், தென்னோலைக்கு மேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு இன்னொருவர் பாரைத்தலை. பிறகு களவாய். மத்தியானத்துக்குள் ஓலை நிறைந்துவிட்டது. தலைகளைச் சும்மா கொடுக்கிற காலமில்லை அது. அந்தத் தலைகளை எதிர்பார்த்துப் பிள்ளைகள் இருந்த வீடுகள் அவர்களுடையவை. அடுத்த நாளும் வைத்தார்கள். அதற்கடுத்த நாளும். ஆறுதல் சொல்ல அந்த ஆண்களுக்கு வேறு பாஷை தெரியவில்லை.

அக்கா வரவில்லை. முதல் நாள் தலைகளைக் காகமும் நாயும் கொண்டுபோயின. மூன்றாம் நாள் மாமி என்னிடம் வந்தார்.

"பிள்ளை, அதுகள் அழுகப் போகுது. அந்தச் சனம் வயித்தைக் கட்டிக் கொண்டுவந்து வைச்சது. நீ போய் வெட்டு."

"எனக்குத் தெரியாது மாமி."

"தெரியாட்டில் என்ன? போய் இரு."

நான் போய்க் குந்தினேன். வாழ்க்கையில் முதல்முறை ஒரு முழுத்தலையைக் கையில் எடுக்கிறேன். அதன் கண் என்னைப் பார்த்தது. கத்தியை நெற்றியில் வைத்துக் கட்டையால் அடித்தேன். வழுக்கியது. இன்னும் பலமாக அடித்தேன். எலும்பு நொறுங்குகிற சத்தம் வளவு முழுக்கக் கேட்டது.

அக்காவின் வீட்டுக் கதவு தடால் என்று திறந்தது.

"அடி கொலைகாரி! பாரையையோடி முன்னாலையிருந்து பிளக்கிறது? கல்லு மாவாப் போயிருக்கும்!"

தலை விரிந்து, கண் உள்ளே போய், சேலை குலைந்து ஓடிவந்தார். என் கையிலிருந்து கத்தியைப் பறித்தார். தலையைக் கவிழ்த்து, பிடரிப் பக்கம் கத்தியை வைத்து ஒரு தட்டு. மூளைக்குக் கீழே இரண்டு சின்ன அறைகள் திறந்தன. ஒன்றில் கல் உடைந்திருந்தது. மற்றதில் முழுதாக இருந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து, கொஞ்ச நேரம் பார்த்து, உடைந்த துண்டுகளையும் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்தார். பிறகு அடுத்த தலையை இழுத்தார். வெயில் உச்சிக்கு வரும்வரை நிமிரவில்லை. கடைசித் தலை முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"என்ன பாக்கிறீர்? சட்டியை வையும். சனம் பசியோடை இருக்குமெல்லே."

அப்போதும் அவர் அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

ஆனையிறவுப் பக்கம் சண்டைச் சத்தம் அடங்கிய பிறகு நாங்கள் முரசுமோட்டைக்குத் திரும்பினோம். வீடு இல்லை, சுவர்தான் நின்றது. தறப்பாள் போட்டு இருந்தோம். வாய்க்காலில் மட்டும் பழையபடி இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடியது. முதல் போகம் விதைத்து, பயிர் பச்சை பிடித்திருந்த நேரம் ஒருநாள் அக்கா வந்து இறங்கினார். பாதி வழி பஸ், பாதி வழி ஆரோ ஒருவரின் உழவு மெசின்.

"சும்மா, பிள்ளையைப் பாக்க வந்தனான்" என்று என் மகளை மடியில் வைத்துக்கொண்டார். தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் கேட்டுவிட்டார்.

"உங்கடை வாய்க்காலிலை மீன் இருக்காமே?"

என் மனிதர் அன்று பின்னேரமே தூண்டில் கட்டினார். காலையில் ஒரு விரால் பட்டிருந்தது, முழங்கை நீளத்தில். மாமி வந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு தானே ஒரு பலகையைக் கொண்டுபோய் மாமரத்துக்குக் கீழே போட்டார்.

"இதிலை இருந்து வெட்டும் பிள்ளை. குசினிக்குள்ளை மட்டும் வேண்டாம்."

அக்கா விராலின் தலையைத் தடவிப் பார்த்தார். பாம்பின் தலை மாதிரித் தட்டையான, அவர் கை அறியாத தலை. எங்கே பிளப்பது என்று அவருக்கே தெரியவில்லை. முதல்முறை செய்கிறவர் மாதிரி மெல்ல மெல்லக் கத்தியை விட்டார். விரலால் தடவினார். கை நின்றது. பிறகு இரண்டு கல்லை எடுத்து, வாய்க்கால் தண்ணீரில் கழுவி, உள்ளங்கையில் வைத்து வெயிலுக்கு நீட்டினார்.

மெல்லிசாக, பால் நிறத்தில், விளிம்பில் மயிரிழை மாதிரிக் கோடுகளோடு இருந்தன.

அக்காவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அன்று நீலச் சேலைக்கு முன்னால் நான் நின்றது போலவே அவர் இருந்தார்.

"உப்புத் தண்ணியையே காணாத சீவன்" என்றார் மெதுவாக. "ஒரு வாய்க்காலுக்குள்ளை பிறந்து வாய்க்காலுக்குள்ளையே கிடந்தது. இதுக்குள்ளையும் வைச்சிருக்கிறாரடி ஆண்டவர்."

சொல்லிவிட்டு வலப்பக்கம் திரும்பினார். முகம் முழுக்க மலர்ந்திருந்தது.

"இஞ்சேருங்கோ!"

அங்கே மாமரத்து நிழல் மட்டும் கிடந்தது.

அக்கா அந்த நிழலையே பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே உடைந்தது. "இந்த மனுசன் இதைக் காணேல்லையே... கடல் முழுக்க அரிச்சுக் கொண்டுவந்து தந்த மனுசன், இதைக் காணேல்லையே..." என்று தொடங்கியவரின் குரல் வயலுக்கு அங்காலும் கேட்டது. தூண்டிலோடு நின்ற இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரம்புப் பக்கம் நடந்தார். மாமி மீன்செதிலுக்கும் இரத்தத்துக்கும் நடுவில் அப்படியே இருந்து அக்காவைத் தன் மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டார்.

அவ்வளவு காலமும் அழாத அழுகை அது. அக்காவின் உடம்பு முழுக்கக் குலுங்கியது. கற்கள் இருந்த அந்தக் கை மட்டும், மாமியின் தோளுக்கு மேலே வெயிலில் நீண்டபடி, ஆடாமல் இருந்தது.